அறுநூற்றுப் பன்னிரண்டுக்குப் போட்ட டிக்

“துடைச்சேன் சார்” என்று சொல்லிவிட்டாள் ஹெப்சிபா. சொன்னது காலை பத்தரைக்கு. இப்போது மணி பதினொன்றாகப் போகிறது, அந்த இரண்டு சொல்லும் இன்னும் வாய்க்குள்ளேயே கிடக்கின்றன. யோசித்துச் சொன்ன பொய் என்றால்கூட அதற்கு ஒரு மரியாதை இருந்திருக்கும். இது யோசிக்காமல் வந்தது. குற்றாலநாதன் சார் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார், “ஏம்மா ஹெப்சி, நேத்து அறுநூத்திப் பன்னெண்டு வெட்டுறதுக்கு முன்னாடி தண்ணியத் துடைச்சியா? முந்தின பிளாக்கும் கர்ப்பப்பைதான், அதான் கேக்கேன்” என்று. சாப்பிட்டாச்சா என்று யாராவது கேட்டால், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவர்கள்கூட சாப்பிட்டாச்சு என்றுதானே சொல்கிறோம், அந்த மாதிரி வாய் முந்திக்கொண்டது. சார் தலையாட்டினார். “நீ சொன்னா சரிதான். எதுக்கும் அதே பிளாக்ல இன்னும் ஆழமா மூணு வெட்டு வெட்டிக் குடு, பாத்துட்டு எழுதிருதேன்.” நீ சொன்னா சரிதான். பாளையங்கோட்டையில் மாடியில் இருக்கும் இந்தச் சின்ன லேபில் இருபத்திரண்டு வருஷமாக அவள் சொன்னால் சரிதான். ஆஸ்பத்திரிகளிலிருந்து பாட்டிலில் வருகிற சதைத் துண்டை மெழுகில் பதித்து, அந்த மெழுகுக் கட்டியைத் தலைமுடியை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏற்றி, சாயம் முக்கி, நம்பர் ஒட்டி சாருடைய மேசைக்கு அனுப்புகிறவள் அவள். சார் பார்த்து எழுதுவதுதான் ரிப்போர்ட். சாருக்குக் கண், அவளுக்குக் கை என்று சாரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, குனிந்த தலைக்குள் நன்றாகச் சிரித்துக்கொள்வாள். அந்தக் கைதான் இப்போது மூன்று புது ஸ்லைடுகளைக் கம்பிக் கூட்டில் செருகி சைலீன் ஜாடிக்குள் இறக்குகிறது. மெழுகு கரைய ஐந்து நிமிஷம். டைமரைத் திருகி வைத்தாள். இந்த மூன்றையும் வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரை ஒரு தடவைக்கு மூன்று தடவை துடைத்தாள், அதையும் சொல்ல வேண்டும். நேற்றுத் துடைக்காததற்கு இன்று மூன்று தடவை. யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் வெட்கமாக இருந்தது.

தண்ணீர் என்றால் குளம், குட்டை ஒன்றும் இல்லை. ஒரு சமையல் சட்டி அளவுக்குக் கறுப்புத் தொட்டி, அதில் வெதுவெதுவென்று வெந்நீர். சீவின மெழுகு ரிப்பன் அதில் மிதந்து சுருக்கம் நீங்கி விரியும், அடியில் ஸ்லைடைக் கொடுத்து ஏந்திக்கொள்ள வேண்டும். ஏந்தின பிறகு ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர்மேல் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இழுத்தால் மிச்சமீதி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நாலே விநாடி வேலை. அந்த நாலு விநாடியைச் சோம்பினால், முந்தின ஆளுடைய சதையில் ஒரு பொடி, கண்ணுக்கே தெரியாத ஒரு பொடி, தண்ணீரில் மிதந்தபடி காத்திருந்து அடுத்த ஆளுடைய ஸ்லைடில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துவிட்டால் சாயத்துக்கு வித்தியாசம் தெரியுமா? இரண்டு பேர் சதையும் ஒரே நீலம், ஒரே சிவப்பு. நேற்று அறுநூற்றுப் பதினொன்று, அறுபத்து நாலு வயது அம்மாள், கருப்பையில் சுரண்டி எடுத்தது, புற்றுநோய், சந்தேகமே இல்லை. அடுத்தது அறுநூற்றுப் பன்னிரண்டு. சுடலைவடிவு, வயது முப்பத்து மூன்று, திருமணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. ஏன் இல்லை என்று பார்க்கத்தான் சுரண்டி அனுப்பியிருந்தார்கள். இன்று காலை அந்த ஸ்லைடின் ஓரத்தில் சார் ஒரு சின்னத் துண்டு புற்றைப் பார்த்திருக்கிறார். ஓரத்தில், தனியாக, மற்றதெல்லாம் நன்றாக இருக்க. முப்பத்து மூன்று வயதில் இது இப்படி வருமா என்று அவருக்கே உறுத்தி, கேட்டார். அவள் துடைச்சேன் என்றாள். துடைத்தாளா? துடைத்த ஞாபகம் இல்லை. இல்லை, அப்படிச் சொல்வதும் தப்பு, ஞாபகம் இல்லை என்று சொல்வது தப்பித்துக்கொள்வது. துடைக்காத ஞாபகம் இருக்கிறது. பதினொன்றை ஏந்தி வைத்துவிட்டு, டிஷ்யூவைக் கிழித்து, கிழித்ததைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், நின்று சிரித்தாள், பிறகு அந்த டிஷ்யூவால் மூக்கைத் துடைத்துக் கூடையில் போட்டாள். அவ்வளவும் தெளிவாகத் தெரிகிறது. சிரித்தது ஏன் என்றும் தெரிகிறது. டைமர் அடித்தது. கூட்டைத் தூக்கி வடியவிட்டு அடுத்த சைலீனில் இறக்கினாள்.

சேலை. ஒரு சேலைக்காக. ரோஸ்லின் மைனிக்கு, அவள் புருஷன் செல்வினுடைய அக்காவுக்கு, கிறிஸ்துமஸுக்கென்று அவள் எடுத்துக் கொடுத்த சேலை, இளம்பச்சையில் மாம்பழக் கலர் கரை, கடையில் ரெண்டு மணி நேரம் நின்று பொறுக்கியது. நேற்று காலை குடும்ப குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. மைனி வீட்டில் பாத்திரம் கழுவுகிற பெண்ணுக்கு மகள் சடங்காம், மைனி போய்ப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோ. அந்தப் பெண் கட்டியிருந்தது அந்தச் சேலை. ஹெப்சிபா ஏழு மணியிலிருந்து ஒரு பதிலைக் கட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கட்டினாள், படியேறும்போது பிரித்துக் கட்டினாள், ஐந்நூற்று எண்பதிலிருந்து அறுநூற்றுப் பத்து வரைக்கும் ஒவ்வொரு பிளாக் வெட்டும்போதும் ஒரு சொல்லை எடுத்தாள், ஒரு சொல்லை வைத்தாள். அறுநூற்றுப் பதினொன்றில் வாக்கியம் கூடிவந்துவிட்டது. ‘மைனி, சேலை பொருத்தமான ஆளுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கு.’ மைனிக்கும் குத்து, அந்தப் பெண்ணுக்கும் குத்து, ஆனால் படித்தால் பாராட்டு மாதிரியே இருக்கும். கையில் டிஷ்யூவோடு சிரித்தது அதற்குத்தான். சாப்பாட்டு வேளையில் அனுப்பியும் விட்டாள். மைனி பார்த்துவிட்டாள், பதில் இல்லை. பதில் இல்லாதது நேற்று ஜெயித்த மாதிரி இருந்தது. இன்று அந்த வரியைத் திறந்து பார்க்கக்கூட முடியவில்லை. பெரிய துக்கம் ஏதாவது இருந்திருந்தால், செல்வினுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்திருந்தால், அப்போது கை மறந்தது என்றால் உலகம் ஒத்துக்கொள்ளும். சாரிடம் போய் என்ன சொல்வாள்? சேலைக்குக் குத்தலாக ஒரு வரி யோசித்துக்கொண்டிருந்தேன் சார், அதனால் முப்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்றா?

ஆல்கஹால், அடுத்த ஆல்கஹால், தண்ணீர், பிறகு ஹீமடாக்சிலின், நீலச் சாயம். கூடு கருநீலத்துக்குள் முங்கிக் காணாமல் போனது. எட்டு நிமிஷம். ஒருவேளை இருந்தால்? அவள் துடைக்கவில்லை, சரி, ஆனால் துடைக்காததாலேயே அந்தத் துண்டு முந்தின அம்மாளுடையது என்று ஆகிவிடுமா? சுடலைவடிவுக்கே நோய் இருக்கலாம். மெழுகுக் கட்டிக்குள் ஆழத்தில் இருந்தால் இந்த மூன்று வெட்டிலும் வரும். வந்துவிட்டால் நேற்றுத் தண்ணீர் எப்படி இருந்தால் என்ன, துடைச்சேன் என்றது பொய்யானாலும் யாருக்கும் நஷ்டமில்லாத பொய். வந்துவிட வேண்டும். மூன்றிலும் வேண்டாம், ஒன்றில் வந்தால் போதும், கர்த்தரே, ஒன்றே ஒன்றில். வாய்க்குள் ஜெபம் தானாக ஓடிக்கொண்டிருந்தது, கண்ணைக்கூட மூடியிருந்தாள், ஒரு கை ஜாடி மூடிமேல் இருந்தது. ஆமென் வரைக்கும் போய்விட்டு அப்படியே நின்றாள். என்ன கேட்டாள் இப்போது? ஒரு பெண்ணுக்குப் புற்றுநோய் கேட்டாள். அவள் யாரென்று தெரியாமல்கூட இல்லை, பேர் தெரியும், வயது தெரியும், ஒன்பது வருஷம் தெரியும். தெரிந்தே, தன் பேருக்குக் கறை வராமல் இருக்க, ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுகிற அதே வாயால் கேட்டாள். அடி பாவி, என்று சொல்லிக்கொண்டாள். முகம் காதுவரை சுட்டது. கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஜெபம் உண்டா? எடுத்துக்கொண்டேன், எடுத்துக்கொண்டேன் என்று இரண்டு தடவை சொன்னாள். சொன்னாளே தவிர அடியில் எங்கேயோ ஒரு மூலையில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அது அவளுக்கே தெரிந்தது.

கதவு திறந்தது. முன் அறையில் ரிப்போர்ட் கொடுக்கிற முப்பிடாதி தலையை மட்டும் நீட்டினாள். “யக்கா, அந்த அண்ணன் நாலாவது தடவையாக் கேக்காங்க. அறுநூத்திப் பன்னெண்டு. ரெண்டு மணி பஸ்ஸ விட்டா அப்புறம் நாலரைக்குத்தானாம்.”

“சாயம் ஓடிக்கிட்டு இருக்குன்னு சொல்லு.”

“சாயமா? அதச் சொன்னா அவங்களுக்கு என்னக்கா புரியும்?”

“அப்போ வேல நடக்குன்னு சொல்லேன், எல்லாத்தையும் நானா சொல்லித் தரணும்?” எரிந்து விழுந்தாள். முப்பிடாதி முகம் சுருங்கி, தலை உள்ளிழுத்துக்கொண்டது. இதுவும் ஒன்று, கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். கதவு மூடுவதற்குள் இடைவெளியில் சுடலைவடிவின் புருஷன் தெரிந்தான், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், மடியில் துணிப்பை, கழுத்துப் பட்டனையும் போட்டிருந்த வெள்ளைச் சட்டை. முந்தாநாள் பாட்டிலைக் கொண்டுவந்ததும் அவன்தான். இந்த ஊர் வழக்கம் அதுதான், ஆஸ்பத்திரியில் எடுத்த சதையைக் கூட வந்தவர்கள் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்பிவிடுவார்கள். சிலர் மருந்துக் கவரில் போட்டு ஆட்டிக்கொண்டு வருவார்கள், சிலர் பைக் கவரில் திணித்துக்கொண்டு வருவார்கள். இவன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறினான். அம்பாசமுத்திரத்துக்கு அங்கிட்டு ஏதோ ஊர், பஸ்ஸில் வழி நெடுக மடியில் வைத்து மூடியைப் பிடித்துக்கொண்டே வந்தானாம். “ஆட்டிரக் கூடாதுன்னு நானாத்தான் நெனச்சுக்கிட்டேன் மேடம், யாரும் சொல்லல” என்றான். அவள்தான் வாங்கினாள். மூடியில் பேரும் நம்பரும் எழுதி ஒட்டும்போது, “இதுல தெரிஞ்சிருமா மேடம், ஏன் தங்க மாட்டேங்குன்னு?” என்று கேட்டான். தெரியும்ணே, எல்லாம் தெரிஞ்சிரும் என்று சொன்னாள். அவளைவிடப் பத்து வயது சின்னவன், ஆனாலும் அண்ணே என்று வந்தது. டைமர் அடித்தது, எட்டு நிமிஷம் எப்போது போனதென்று தெரியவில்லை.

அமில ஆல்கஹாலில் ஒரே ஒரு முக்கு. அதிகச் சாயத்தை அது உதறிவிடும், ஒரு விநாடி கூடினால் எல்லாம் வெளிறிவிடும். கை தானாக எண்ணியது, தானாகத் தூக்கியது. இந்தக் கைக்கு இதெல்லாம் தெரியும், பொய் சொன்னது கை இல்லை. குழாயைச் சன்னமாகத் திறந்து கூட்டை அடியில் வைத்தாள். ஓடுகிற தண்ணீரில் பத்து நிமிஷம், அப்போதுதான் சிவப்புத் தட்டின நீலம் நல்ல நீலமாகும். தாமிரபரணித் தண்ணிக்கு வர்ற நீலம் வேற எங்கயும் வராதும்மா என்று சார் சொல்வார், ஊர்ப் பெருமை. அவள் குழாய் முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் சத்தம் கேட்டதும் ஹாஸ்டல் வந்துவிட்டது, அது வருமென்று அவளுக்குத் தெரியும், காலையிலிருந்தே வாசலில் நின்றுகொண்டிருந்த மாதிரிதான். மிஷன் ஹாஸ்டல், நாலாம் வகுப்பு, வரிசையாக இரும்புக் கட்டில். ஒரு விடிகாலையில் படுக்கை நனைந்திருந்தது. ஒன்பது வயதில் நனைக்கிறவளை என்ன செய்வார்கள் என்று பார்த்திருந்தாள். பக்கத்துக் கட்டில் லீலா பல் விளக்கப் போயிருந்தாள். ஹெப்சிபா எழுந்து தன் விரிப்பை உருவி லீலா கட்டிலில் போட்டு, லீலாவுடையதை எடுத்துத் தன் கட்டிலில் விரித்து, சுருக்கம் இல்லாமல் நீவிக்கூட விட்டாள். வார்டன் அம்மா ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். “நான் இல்லம்மா” என்றாள். அதே வேகம், அதே சத்தம், இன்று சாரிடம் சொன்ன அதே சத்தம். லீலா ஈர விரிப்பைத் தலையில் வைத்துக்கொண்டு குழாயடியில் முதல் மணி அடிக்கும்வரை நின்றாள். அழவில்லை, அதுதான். தானே நனைத்துவிட்டதாக அவளே நம்பிவிட்டாள். அன்றிலிருந்து ராத்திரி தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள் லீலா, தாகத்தோடு படுத்தாள், வருஷம் முடியும்வரை. சுடலைவடிவும் நம்பிவிடுவாள். ரிப்போர்ட் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள்? தன் உடம்புக்குள்தான் கெட்டது இருந்தது என்று நம்பி, தலையில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

புற்று என்று ரிப்போர்ட் போனால் கருப்பையை எடுத்துவிடுவார்கள். எடுப்பது பெரிய விஷயமா என்றால், ஹெப்சிபாவுக்கே எடுத்தாகிவிட்டது. மூன்று வருஷம் முன்னால், கட்டி. அதுவும் இந்த லேபுக்குத்தான் வந்தது, அவள் லீவில் இருந்ததால் வேறொருவர் வெட்டிச் சாயம் போட்டார். திரும்பி வந்த முதல் நாளே தன் ஸ்லைடைத் தேடி எடுத்துப் பார்த்து, சிவப்பு ரொம்ப அடர்த்தி, யாரு போட்டது என்று குறை சொன்னவள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிக்க முடிந்தது, வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த நாற்பது நாளும் உடனிருந்து பார்த்தது யார்? தையல் நனையாமல் உடம்பு துடைத்துவிட்டது, கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டவளிடம் “சும்மா கெட, எனக்குத் தெரியாததா” என்று சொல்லித் துணி மாற்றிவிட்டது, ரோஸ்லின் மைனி. அந்த மைனிக்குத்தான் ‘பொருத்தமான ஆள்’ என்று எழுதி அனுப்பினாள். குழாயை மூடினாள். கூட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மூன்று ஸ்லைடிலும் நல்ல நீலம்.

இயோசின், சிவப்புச் சாயம், இரண்டு நிமிஷம்தான். அந்த இரண்டு நிமிஷத்தில் ஒரு வழி கிடைத்தது. சார், சின்னத் துண்டுதானே, சின்ன வயசு, எதுக்கும் இன்னொரு தடவை சாம்பிள் அனுப்பச் சொல்லலாமே? அக்கறையாகச் சொன்ன மாதிரி இருக்கும். சாரும் ஒத்துக்கொள்ளலாம். பொய்யும் கலையாது, அந்தப் பெண்ணுக்கும் கெடுதல் இல்லை. சந்தோஷத்தில் எழுந்தே விட்டாள். எழுந்தவள் கண்ணில் சுவரோரம் இருந்த பெரிய நோட்டு பட்டது. வெட்டு நோட்டு. பிளாக் நம்பர், தேதி, எத்தனை வெட்டு, கடைசியில் ‘தண்ணீர்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் அவள் கொண்டுவந்தது. ஆறு வருஷம் முன்னால் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்து, ஒவ்வொரு பிளாக்குக்கும் துடைத்தவுடன் அங்கேயே டிக் போட வேண்டும் சார், அப்போதுதான் கை மறக்காது என்று பெரிதாகப் பேசி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். முதல் மாதம் அங்கேயேதான் போட்டாள். பிறகு கையுறையைக் கழற்றி மாட்டி நேரமாகிறது என்று பத்துக்கு ஒரு தடவை. பிறகு சாயங்காலம், கிளம்பும்போது, மேலிருந்து கீழ்வரை, மளமளவென்று. நேற்றையப் பக்கத்தில் நாற்பத்து மூன்று டிக்கும் ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் நின்றன. அறுநூற்றுப் பன்னிரண்டுக்கும் ஒன்று. சாருக்குச் சந்தேகம் வந்தாலும் இதைப் பார்த்துத்தான் தெளிவார். இன்னொரு சாம்பிள் கேட்டாலும் எழுத்தில் முதல் ஸ்லைடு நிற்கும், தண்ணீர் சுத்தம் என்று டிக் நிற்கும், இரண்டாவதில் ஒன்றும் இல்லாவிட்டால், முதலில் இருந்தது நிச்சயம், சுரண்டியதோடு வந்துவிட்டது என்பார்கள். பயந்துபோய், கருப்பையையே எடுத்துவிடுவோம் என்பார்கள். பயப்படாமல் யார் இருப்பார்கள்?

ஆல்கஹால், ஆல்கஹால், சைலீன். ஸ்லைடு கண்ணாடி மாதிரித் தெளிந்தது. ஒரு சொட்டுப் பசை, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லு, குமிழி வராமல் ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்குவது. குமிழி வரவில்லை. ஸ்லைடு ஓரத்தில் வைரமுனையால் அவள் கீறின 612 தெரிந்தது, மையால் எழுதினால் ஆல்கஹாலில் கரைந்துவிடும், கீறினதைத்தான் எதுவும் அழிக்காது. அதன்மேல் காகித லேபிள் ஒட்ட வேண்டும். லேபிளை எழுதும்போதுதான் அது தோன்றியது. கருப்பையை எடுத்தால் அது எங்கே வரும்? இங்கேதான் வரும். பாட்டிலில் இல்லை, மூடி போட்ட வாளியில். அந்தச் சட்டைக்காரன்தான் மடியில் வைத்துக்கொண்டு வருவான், ஆட்டாமல். அவள்தான் இரண்டு கையாலும் வாங்குவாள். முப்பது பிளாக் போடுவாள், முப்பதையும் சீவுவாள், ஒவ்வொன்றுக்கும் தண்ணீரைத் துடைப்பாள், அப்போது துடைப்பாள் நன்றாக. முப்பது ஸ்லைடிலும் புற்று இருக்காது. சார் யோசித்துவிட்டு, மிச்சம் ஒன்றும் இல்லை, சுரண்டியதிலேயே போய்விட்டது, அந்தம்மா புண்ணியம் என்று எழுதுவார். நல்ல செய்தி என்று முப்பிடாதி அவனிடம் கொடுப்பாள். அவன் கும்பிடுவான். அந்த முப்பது லேபிளையும் எழுதப்போவது இந்தக் கை. பேனா நின்றது. சொல்ல வேண்டும், வேறே வழியில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்ல வேண்டும் என்று தெரிந்தபிறகும் தன் மைக்ராஸ்கோப்பில் மூன்றையும் வைத்துப் பார்த்தாள். நீலப் புள்ளிகள், சிவப்புப் பரப்பு, ஒழுங்கான சுரப்பிகள், ஒழுங்கான வட்டங்கள். ஓரம், மூலை, எல்லாம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வந்த நிம்மதியும் ஏமாற்றமும் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கப் பயந்து, ஸ்லைடுகளைத் தட்டில் அடுக்கி, வெட்டு நோட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சார் அறைக்குப் போனாள்.

சார் மூன்றையும் நிதானமாகப் பார்த்தார். அவள் நின்றாள். மின்விசிறி டக் டக்கென்று அடித்தது.

“மூணுலயும் இல்லையே ஹெப்சி.” கண்ணாடியைத் துடைத்தார். “பொடித் துண்டுதான, முதல் வெட்டுலயே தீந்திருக்கும். உன் தண்ணி சுத்தம்ங்குற தைரியத்துலதான் எழுதுதேன். பாவம், சின்ன வயசு. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருவோம்.” போனைக் கையில் எடுத்தார்.

“சார்.”

“என்னம்மா?”

“துடைக்கல சார்.”

“எதை?”

“நேத்து. பதினொண்ணுக்கு அப்புறம் தண்ணியத் துடைக்கல. காலைல நீங்க கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்.”

சார் போனைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள், ஏன் என்று கேட்பார் என்று நினைத்தாள், சேலையைச் சொல்வதா வேண்டாமா என்று வழியிலேயே யோசித்து, கேட்டால் அதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். அவர் கேட்கவில்லை. அவள் கக்கத்திலிருந்த நோட்டை வாங்கி நேற்றையப் பக்கத்தைத் திறந்தார்.

“டிக் இருக்கே.”

“சாயங்காலம் மொத்தமாப் போடுவேன் சார்.”

“மொத்தமான்னா?”

அவள் பதில் சொல்வதற்குள் அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். முந்தாநாள். போன வாரம். போன மாதம். ஒவ்வொரு பக்கத்திலும் மேலிருந்து கீழே ஒரே சாய்வில் இறங்கின டிக்குகள். அவர் விரல் வேகமாகப் புரட்டியது, பிறகு மெதுவானது, பிறகு நின்றது.

“எத்தன தடவ துடைக்காம விட்டிருக்க ஹெப்சி?”

ஒரு தடவை என்று சொல்லத்தான் வந்திருந்தாள். ஒரே தடவைக்கு மன்னிப்புக் கேட்கத்தான் முக்கால் மணி நேரம் வெந்து வந்திருந்தாள். ஒரு தடவைதான் சார் என்று வாய் மறுபடியும் முந்திக்கொண்டு எழுந்தது, நாக்கு நுனிவரை வந்தது. அதைப் பிடித்து நிறுத்தினாள்.

“தெரியல சார்” என்றாள்.

சார் நோட்டை மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, “இன்னைக்கு வேற வேல எதுவும் எடுக்காத. நேத்து வெட்டுன நாப்பத்தி மூணையும் திரும்ப வெட்டு. அப்புறம் முந்தாநாள். நான் ஒவ்வொரு ரிப்போர்ட்டாப் பாக்கேன்” என்றார். குரல் கிழவருடைய குரலாக இருந்தது. “பன்னெண்டுக்குப் புதுசா சாம்பிள் கேப்போம். என்ன நடந்துச்சுன்னு ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லுதேன். வெளிய இருக்குற பையன்ட்ட ரிப்போர்ட் இன்னைக்கு இல்லன்னு முப்பிடாதியச் சொல்லச் சொல்லு.”

முன் அறைக்கு வந்தாள். முப்பிடாதி நிமிர்ந்து பார்த்து, திட்டு வாங்கின நினைப்பில் மறுபடி குனிந்துகொண்டாள். அந்த ஆள் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எழுந்தான், மடியிலிருந்த பையைக் கையில் பிடித்துக்கொண்டான். ரிப்போர்ட் இன்னைக்கு இல்லன்னு சொல்லிரு முப்பிடாதி என்றுவிட்டு அப்படியே உள்ளே திரும்பியிருக்கலாம். அவளே அவன் முன்னால் போய் நின்றாள்.

“ரிப்போர்ட் இன்னைக்குத் தர முடியாதுண்ணே. மறுபடியும் சாம்பிள் எடுக்க வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரில சொல்லுவாங்க.”

“மறுபடியுமா?” அவன் முகம் வெளுத்தது. “போன தடவையே ரொம்ப வலிக்குன்னா மேடம். வடிவுக்கு ஏதும் கெடுதலா?”

“இருக்கா இல்லையான்னு சொல்ற மாதிரி இல்ல. இங்க ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“தப்புன்னா?” அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, புரிந்துகொள்ளப் பார்த்தான். “நான் கொண்டாரயில ஏதும் ஆட்டிட்டேனா மேடம்? பாத்துப் பாத்துத்தான் பிடிச்சிருந்தேன். ஆழ்வார்குறிச்சி திருப்பத்துல மட்டும் பஸ்ஸு ஒரு குலுக்குக் குலுக்குனான். அதுலயா?”

லீலா, ஈர விரிப்போடு. முப்பிடாதி பேனாவை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

“நீங்க ஒண்ணும் பண்ணல. உங்க வீட்டம்மாவும் ஒண்ணும் பண்ணல” என்றாள். “நான்தான்.”

அவன் அவளையே பார்த்தான். என்ன பார்த்தானென்று அவளுக்குத் தெரியாது, ஆனால் கண்ணை எடுக்காமல் நின்றாள். வாசலுக்கு வெளியே யாரோ ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தார்கள்.